மாரியாயியின் பெயருக்கு முன் போட்ட சிலுவை

குருநகர்
19.01.1986

அன்பு மகள் பெர்னடெட் அறிய,

நானும் அம்மாவும் எழும்பி நடமாடுகிறோம், ஆண்டவர் அந்தளவுக்கு வைத்திருக்கிறார். நீயும் மருமகனும் குழந்தையும் அந்தக் குளிருக்குள் சுகமாய் இருக்க வேண்டுமென்று தினமும் மன்றாடுகிறோம். கடலுக்குப் போகத் தடை போட்டதால் சின்னையாவின் வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது, மீன் விலை கேட்கவே பயம். குழந்தையின் படம் கிடைத்தது, அப்படியே உன் அம்மாவின் மூக்கு. இனி எழுதப் போவது சுகச் செய்தி இல்லை. கோபத்தோடு எழுதுகிறேன், எழுத்துக் கோணலாய் இருந்தால் பொறுத்துக்கொள்.

பென்சன் எடுத்த பிறகு நான் சிஸ்டர்மாரின் பிள்ளைகள் விடுதியில் எழுத்து வேலை பார்ப்பது உனக்குத் தெரியும். போன வருடம் அங்கே மலைநாட்டுப் பெண்பிள்ளைகள் பதினொரு பேர் வந்து சேர்ந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுகிறேன் என்று தாய்மாரை ஏமாற்றி ஒரு தரகன் கூட்டிவந்து வீட்டு வேலைக்கு விற்று, பிறகு சிஸ்டர்மார் மீட்டெடுத்த பிள்ளைகள். விற்றது கொழும்பில் மட்டும் என்று நினையாதே, எங்கள் ஊர் வீடுகளிலும்தான். பவளம் என்ற பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முதுகில் மூன்று சூட்டுத் தழும்பு. அதைப் போட்ட வீட்டார் ஞாயிறு பூசையில் முன்வரிசை வாங்கில் வந்து இருக்கிறவர்கள், தெரியுமோ! இந்தப் பிள்ளைகளுக்கு மருந்து வேண்டும், படிப்பு வேண்டும், பக்கத்தில் இருந்து ஆறுதலாய்க் கதைக்க ஒரு ஆள் வேண்டும். அரசாங்க உதவிப்பணம் கேட்டோம். தாய் இறந்த பிள்ளைக்குத்தான் பணமாம், தாய் இருந்தால் தாயிடம் அனுப்ப வேண்டுமாம். தாய் இருக்கிற தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் அதே தரகன் குந்தியிருக்கிறானே! விற்கப்பட்ட பிள்ளை என்று ஒரு வகையே அவர்களின் பத்திரத்தில் இல்லை. கந்தோரில் இருந்த அதிகாரி மெல்லக் குனிந்து, ஐயா, தாய் செத்துப்போனா எண்டு போட்டுவிடுங்கோ, அலுவல் முடிஞ்சுது என்றான்.

முப்பத்திரண்டு வருடம் கிளாக்கராய் இருந்த புத்தி, நானும் இருந்து எழுதினேன். பதினொரு தாய்மாரையும் ஒரே பின்னேரத்தில் சாகடித்தேன். இறந்தவர்களின் திருநாளுக்குக் கார்த்திகையில் கோயில் கதவில் ஒட்டுகிற பட்டியலை நான்தானே எழுதுவது, அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கு முன்னும் ஒரு சிலுவையும் போட்டுவிட்டேன். கொப்பி கேட்டு வந்த பவளம் அதை மேசையில் கண்டுவிட்டாள். அவளுக்கு வாசிப்பு மட்டுமட்டு, ஆனால் முதன்முதல் எழுதப் பழகியது மாரியாயி என்ற தாயின் பெயரைத்தான். பெயருக்கு முன் சிலுவை போட்டால் செத்தவர் என்று கோயில் கதவைப் பார்த்துத் தெரிந்திருக்கிறது. இரண்டு நாள் சாப்பிடவில்லை. பெரிய சிஸ்டர் கேட்டுக் கேட்டுத்தான், எங்கம்மா எப்ப செத்துச்சு, ஏன் எனக்குச் சொல்லல என்று வாய் திறந்தாளாம். நான் ஓடிப்போய், பிள்ளை, அது காசுக்காக நான் எழுதின பொய் என்றேன். பெரியவங்க கடுதாசியில பொய் எழுதுவாங்களா என்று கேட்டாள். அறுபத்தேழு வயதில் ஒருவரும் என்னை இப்படி அறைந்ததில்லை.

பதினொரு பத்திரத்தையும் கிழித்தேன். தாய் உயிருடன் இருக்கிறார் என்று புதிதாய் எழுதிக் கொண்டுபோனேன். அதிகாரி மேசையில் தூக்கிப் போட்டான். நான் சத்தம் வைத்த வீச்சில் கந்தோர் முழுக்க எழும்பி நின்றது. மாத முடிவுக்குள் பழையபடி எழுதாவிட்டால் பணம் இல்லையாம். கோயில் சபையாரும் ஒரு சொல்லுத்தானே, எழுதிவிடுங்கோ என்கிறார்கள். ஒரு சொல்லாம்! மாட்டேன் என்றுவிட்டேன். பெரிய சிஸ்டர் என் பக்கம், கஞ்சி காய்ச்சியாவது பார்ப்போம் என்கிறா. மேலிடத்துக்கு வாராவாரம் எழுதுகிறேன். பவளத்தின் தாய்க்கும் இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. தபால்காரனின் மணி கேட்டால் பவளம் வாசல் படலைக்கு ஓடுகிறாள். நான் எழுதின பொய் மெய்யாகிவிடுமோ என்று பயந்து நானும் அவளுக்குப் பின்னால் போய் நிற்கிறேன்.

இதற்கிடையில் உன் கடிதம். அங்க தனிய இருக்கிற மாமிக்கு உதவியா மலைநாட்டுப் பெடிச்சி ஒண்டைப் பிடிச்சு விடுங்கோ அப்பா, சாப்பாடும் உடுப்பும் குடுத்தாக் காணும் என்று எழுதியிருக்கிறாய். பிடிக்க அவள் என்ன கோழிக்குஞ்சா? அந்தத் தரகனைப் பிழைக்க வைக்கிறது உன்னைப் போலப் படித்த பிள்ளைகள்தான். வெட்கமாய் இருக்கிறது. உன் மாமிக்கு ஆள் வேண்டுமென்றால் எங்கள் தெரு ஒழுங்கையில் லூர்த்தம்மா இருக்கிறாள், வளர்ந்த மனுசி, சம்பளம் பேசி வை. பிள்ளை பிடித்துத் தர நான் ஆள் இல்லை.

குழந்தைக்குச் சளி பிடிக்காமல் நெஞ்சை மூடி வை. எவ்வளவு ஏசினாலும் நீ என்ரை பிள்ளை, தேவமாதா உங்கள் மூவரையும் தன் கைக்குள் வைத்திருக்கட்டும். ஒன்றை மட்டும் மறவாதே. அங்கே கோயிலில் பூசைக்குப் பெயர் கொடுக்கும்போது மாரியாயி என்று எழுதிக் கொடு. சிலுவை போடாதே. உயிரோடு இருக்கிறவர்களுடன் சேர்த்துக் கொடு.

இப்படிக்கு,
உன் அப்பா
ம. சிமியோன்