எந்த நாட்டைத் துறப்பது

1949 மார்ச் 6, ஞாயிறு

அடுப்பில் சீமைப்பலா வெந்துகொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் செலெஸ்தினோ வந்து சேர்ந்தார். நேற்றே வந்திருக்க வேண்டியவர். சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையற்கட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"எழுந்து வந்துட்டோம் தோமாசா. எல்லாரும்."

"எங்கேருந்து?"

"சபையிலேருந்துதான். வாஷிங்டன்காரங்க எங்களுக்குன்னு சட்டம் போட்டுக் குடுக்கிற வரைக்கும் அந்த வாசல்ல கால் வைக்கப் போறதில்லை."

இத்தனை வருஷமாக அமெரிக்கக் கப்பற்படை கவர்னர் சொன்னதுதான் இந்தக் குவாம் தீவில் சட்டம். இவர்கள் தலைநகர் அகானாவில் சபை கூடிப் பேசலாம், கை தூக்கலாம். கவர்னர் வேண்டாம் என்றால் வேண்டாம். அமெரிக்கக் கொடிக்குக் கீழே பிறந்தும் குடிமக்கள் இல்லை. கேட்டால், 'நீங்கள் தீவுக்காரர்கள்.'

பயந்தேனா? பயந்தேன். இவர் பசியோடு அடுப்பையே பார்ப்பதைக் கண்டதும் என் பயம் எங்கேயோ போய்விட்டது. தட்டில் எடுத்து வைத்தேன். ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டார்.

மார்ச் 27

சபைக்குப் போகாதவர்களின் பதவியைப் பறித்தாயிற்று. இவர் இடத்துக்கு வேறு ஆள் கொடுங்கள் என்று கவர்னரின் ஆட்கள் ஊரில் கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர் இனராஹான்காரர்கள் சொன்னது ஒரே வார்த்தை: "எங்க ஆளு இருக்காரே, வேற எதுக்கு?"

இன்று இவர் மீன் பிடிக்கப் போனார். ஒன்றும் கிடைக்கவில்லை. சிரித்துக்கொண்டே வந்தார்.

ஜூலை 10

எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

பூசை முடிந்ததும் கோயில் பின்புறம் கூட்டம். வாஷிங்டனில் பேசப்படும் சட்டம் எப்படி இருக்கும் என்று இவர் எங்கள் பேச்சிலேயே சொன்னார். குடியுரிமை வரும். நாமே தேர்ந்தெடுக்கும் சபை வரும், அது போடும் சட்டம் சட்டமாக நிற்கும். ஜனாதிபதிக்கு மட்டும் ஓட்டுக் கிடையாது. யார் யாருக்குக் குடியுரிமை என்று ஒருவர் கேட்டார். குவாமில் பிறந்தவர்களுக்கு, அவர்கள் பிள்ளைகளுக்கு, என்று சொல்லிவிட்டு இவர் அடுத்த பேச்சுக்குத் தாவினார். தாவின வேகம் எனக்குப் பிடிபட்டது.

பிலோமெனா அக்காவுக்கும் பிடிபட்டது. பக்கத்து வீட்டுக்காரி. எழுந்து நின்று கேட்டாள்:

"அப்போ உன் பொண்டாட்டிக்கு?"

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அக்கா விடவில்லை.

"அவ ரோத்தாவிலேருந்து வந்தவதானே. அந்தப் பக்கத்து ஆளுங்க ஜப்பான்காரன்கூட இங்க வந்து என்ன பண்ணாங்கன்னு ஊருக்கே தெரியும். என் தம்பியை எவன் காட்டிக் குடுத்தான்? அவளுக்கும் சேர்த்தா கேக்கப் போற?"

போரில் ஜப்பான்காரன் குவாமைப் பிடித்தபோது காட்டிக் கொடுத்தவன், அவன் வசமிருந்த சைப்பான் தீவிலிருந்து கூட வந்த மொழிபெயர்ப்பாளன். நான் போருக்கு வெகுகாலம் முன்பே, ஒன்பது வயதில், ரோத்தாத் தீவிலிருந்து அப்பாவோடு படகில் வந்தவள். அந்தத் தம்பியை அடித்தே கொன்ற அன்று நானும் இதே ஊரில் சுவரோரம் சுருண்டு கிடந்தேன். ஆனால் இதையெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வது? தம்பி செத்தது செத்ததுதானே.

வீட்டுக்கு வந்தோம்.

"எத்தனை நாளாத் தெரியும் உங்களுக்கு?"

"சபையிலேருந்து வந்த அன்னிக்கே தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல."

"எப்படிடி சொல்வேன்? உனக்கில்லாத ஒண்ணுக்காகச் சண்டை போட்டுட்டு வந்திருக்கேன்னா?"

அழுதார். கல்யாணமாகி இவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 20

சூறாவளி. எங்கள் கூரை பாதி பிழைத்தது. பிலோமெனா அக்கா வீடு முழுக்கப் போய்விட்டது. மழையில் மூன்று பிள்ளைகளோடு நின்றாள். போய்க் கூப்பிட்டேன். பிள்ளைகளை முன்னால் அனுப்பினாள். வெகுநேரம் கழித்து அவளும் வந்தாள், என் முகத்தைப் பார்க்காமல்.

டிசம்பர் 4

ஒரே அடுப்பு, இரண்டு பொம்பளை. அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இன்று நான் சிவப்புச் சோற்றுக்கு அச்சோட்டே விதையைத் தண்ணீரில் கசக்கிக்கொண்டிருந்தேன். வந்து கிண்ணத்தை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"இப்படிக் கசக்கினா நெறம் எங்கேருந்து வரும்? ரோத்தாவுல இதுகூடச் சொல்லித் தரலையா?"

திட்டினாலும் பேசினாளே! இரவு இவரிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

டிசம்பர் 23

அக்கா வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. போய்விட்டாள். நன்றி, கின்றி எல்லாம் இல்லை. சாயங்காலம் அவள் மகள் கையில் ஒரு தட்டுக் கோழிக் கெலாகுவேன், எலுமிச்சையும் தேங்காயும் தூக்கலாக. சமையற்கட்டு ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது.

1950 ஆகஸ்ட் 3

வாஷிங்டனில் சட்டம் கையெழுத்தாகிவிட்டது. காலையிலிருந்து மணி அடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இவருக்குக் குடியுரிமை கிடைத்தது. மகள் ஃபெலிசிதாவுக்குக் கிடைத்தது. "அம்மா, இனிமே நீ மட்டும் வேற ஊரா?" என்று கேட்டாள். எட்டு வயதுப் பிள்ளை, ஒளித்துக் கேட்கத் தெரியாது. "ஊர் இதேதான், ஒரு காகிதம்தான் இல்லை" என்றேன். சமாதானமாகிவிட்டாள். நான்?

சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். பொய் எழுதவில்லை. தெருவில் இவரைத் தூக்கிக்கொண்டு போனபோது எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. கூட்டத்துக்கு மேலிருந்து என்னைத்தான் தேடினார். கையசைத்தேன்.

செப்டம்பர் 12

புதிய சபைக்கு நவம்பரில் தேர்தல். இவர் நிற்க மாட்டாராம்.

"நீ ஓட்டுப் போட முடியாத தேர்தல்ல நான் எதுக்கு நிக்கணும்?"

"உங்க மூஞ்சிக்கு நான் போட்டிருப்பேனான்னு யாருக்குத் தெரியும்? போய் நில்லுங்க."

முறைத்தார். பிறகு சிரித்தார். நிற்கிறார்.

நவம்பர் 10

தீவு முழுக்க ஒரே தொகுதி, இருபத்தோரு இடம். இவர் ஜெயிக்கவில்லை. வடக்கே இவரை யாருக்குத் தெரியும்!

முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார். ஆறுதல் சொன்னேன். இங்கே மட்டும் எழுதுகிறேன் — கடவுளே மன்னித்துக்கொள் — இனி சாயங்காலம் வீட்டில் இருப்பார் என்று கொஞ்சம் சந்தோஷம்.

1953 மே 17

இரண்டு வருஷத்துக்கு மேல் இதில் எழுதவில்லை. இன்று எழுத விஷயம் இருக்கிறது. சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள், என்னைப் போன்றவர்களும் குடியுரிமைக்கு மனுக் கொடுக்கலாமாம். என்னை நன்றாகத் தெரிந்த குடிமக்கள் இரண்டு பேர் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டும். லூகாஸ் வாத்தியார் வருகிறேன் என்றார். இன்னொருவருக்காக இவர் சுற்றுகிறார். எல்லாருக்கும் அன்றைக்கென்று வேலை இருக்கிறது. அந்தப் பக்கத்து ஆளுக்கு யார் சாட்சி வருவார்கள்?

மே 22

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பிலோமெனா அக்கா:

"உன் புருஷன் ஊரெல்லாம் ஆள் தேடறானாமே. பக்கத்து வீடு கண்ணுக்குத் தெரியலையா?"

"அக்கா, நீங்க..."

"நான் குடிமகள்தானே? இல்ல, அதுவும் உங்க வீட்டுக்கு மட்டும்தானா?"

உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 9

அகானா கோர்ட். அக்கா கோயிலுக்குப் போடும் கறுப்பு உடையைப் போட்டுக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் பேசவில்லை.

நீதிபதி இந்தப் பெண்ணை எப்படித் தெரியும் என்று கேட்டார். அக்கா என்ன சொல்லப் போகிறாளோ என்று கவலையாக இருந்தது.

"என் தம்பியைக் காட்டிக் குடுத்தவங்க ஆளுன்னு இவளை ரொம்ப நாள் வெறுத்தேன், ஐயா. எம் பிள்ளைங்க இவ வீட்டுலதான் சூறாவளிக்கு அப்புறம் தூங்கினாங்க. நான் பேசாம இருந்தப்பவும் என் தட்டுல முதல்ல சோறு வெச்சா. இவ நல்லவ. இது சத்தியம்."

மொழிபெயர்த்தவர் அதை ஒரு வார்த்தை விடாமல் நீதிபதிக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

பிறகு உறுதிமொழி. பழைய நாட்டை முழுமனதோடு துறக்கிறேன் என்று சொல்ல வேண்டும். எந்த நாடு? நான் பிறந்தபோது ரோத்தா ஜெர்மன்காரனுடையது. புறப்பட்டபோது ஜப்பான்காரனுடையது. எவனையும் நான் என் நாடு என்று நினைத்ததில்லை. அம்மாவை அங்கேதான் புதைத்தோம். அதையுமா துறக்கச் சொல்கிறார்கள்? இல்லை, அதை யாரும் கேட்கவில்லை. சொல்லிவிட்டேன்.

வெளியே வந்ததும், பெரியவர்களுக்குச் செய்வதுபோல, அக்காவின் கையை முகர்ந்து வணங்கக் குனிந்தேன். கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் என்ன கிழவியா?"

பிறகு நீட்டினாள்.

1954 நவம்பர் 2

இவர் மறுபடியும் நிற்கிறார். ஓட்டுப் போட நானும் அக்காவும் சேர்ந்தே போனோம். உள்ளே போய் நிறைய நேரம் எடுத்துக்கொண்டேன். வெளியிலிருந்து அக்கா கத்தினாள்: "என்னடி, உள்ள சமைக்கிறியா?"

திரும்பும் வழியில் இவர் கூடவே நடந்து வந்தார். மழை வருமா என்றார். ஃபெலிசிதாவின் செருப்பு தேய்ந்துவிட்டது என்றார். யாருக்குப் போட்டாய் என்று கேட்க வந்த கேள்வி மட்டும் கடைசி வரை வாயிலிருந்து வரவில்லை.

நானும் சொல்லவில்லை.