நிறைந்தே திரும்பும் இலேகியச் சாடி

நலம் பெருகுக. கடலும் காடும் அரணாய் அமைந்த மாநாகபுரத்தின் காவலர், பகைவரும் மதிக்கும் சொல்லுடையவர், நோயுற்றோர் எவரைக் கண்டாலும் நாடி பிடித்துப் பாராமல் அப்பால் நகராதவர், கோமகனார் மாநாகர் திருமுன்பு, அவர் திருமகளாரும் வெண்குன்ற நாட்டுப் பட்டத்தரசியாருமாகிய பூங்குழை மாதேவியார் விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மழை தவறாது பெய்க. துறையில் மரக்கலங்கள் நெருங்கி நிற்க. தந்தையாரின் முழங்கால் வலி தணிக. தேவியார் சொல்லச் சொல்ல எழுதுபவன் ஓலைநாயகம் தாமன்.

இவ்வோலையோடு ஒரு சாடி வருகிறது. தங்கள் மருமகனார்க்குத் தாங்கள் அனுப்பிய இலேகியம் அதில் விளிம்புவரை அப்படியே இருக்கிறது. அதைக் கண்டு சினங்கொள்ளுமுன் ஓலையை இறுதிவரை வாசித்தருள வேண்டும் என்பது தேவியாரின் முதல் வேண்டுகோள்.

சென்ற கார்காலத்தில் எம் மன்னர் சேந்தனார்க்கு மஞ்சள் காமாலை கண்டதும், மருத்துவர் அழிசியார் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்ததும், நெய்யும் மதுவும் விலக்கி மன்னரைப் படுக்கையில் கிடத்தியதும், கண்ணின் மஞ்சள் மறைந்து பசி திரும்பியதும் தாங்கள் அறிந்தவையே. நாடே கீழாநெல்லியைக் கையெடுத்துக் கும்பிட்டது. அழிசியார் மட்டும், மூலிகை துணை நின்றிருக்கலாம், ஆயினும் இவ்வகைக் காமாலை ஓய்வாலும் பத்தியத்தாலும் தானே தணிவதும் உண்டு, ஆகவே புகழ் முழுவதையும் இலைக்கே கொடுப்பதற்கில்லை என்றார். அந்த நேர்மை அன்று எவருக்கும் சுவைக்கவில்லை, தேவியாருக்கும் சுவைக்கவில்லை.

தாங்கள் அச்செய்தி கேட்டு மகிழ்ந்து, மருமகனாரின் ஈரலுக்கு இனி எக்காலத்தும் கேடு வாராதிருக்க, தங்கள் கையாலேயே கிளறிய இலேகியத்தை அனுப்பினீர்கள். மாமனார் வீட்டிலிருந்து வருவதை இரு கையாலும் ஏந்தி, மிச்சமின்றி உண்டு, கலத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது வெண்குன்ற நாட்டு வழக்கம். வெறுங்கலம் வந்தால் இன்னும் வேண்டுகிறார்கள் என்று கொள்வது மாநாகபுரத்து வழக்கம். இரண்டும் நல்ல வழக்கங்களே. இடையில் அகப்பட்டவர் மன்னர். அவர் தீர்த்து அனுப்பினார். தாங்கள் உவந்து பெரிய சாடியாக அனுப்பினீர்கள். அதையும் அவர் தீர்க்கத் தொடங்கினார்.

இப்போது அவர் கண்ணில் மஞ்சள் மீண்டும் ஏறியிருக்கிறது. சிறுநீர் கறுத்துப் போகிறது. உடல் அரிப்பால் உறக்கமில்லை. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வாள்விழாவில் வாளை உருவ இயலாமல் அவர் உறையோடே உயர்த்தியதை அவையே கண்டது.

அழிசியார் ஆராய்ந்து உரைத்ததாவது: உண்பது உணவாயினும் மருந்தாயினும் ஈரல்தான் அதைப் பக்குவம் செய்தாக வேண்டும், பச்சிலை என்பதால் மட்டும் ஒன்று தீங்கற்றதாகிவிடாது. பல வேர்கள் சேர்ந்த இந்த இலேகியத்தில், நிறத்தைப் பார்த்தால், உலோகத்தைப் புடமிட்டெடுத்த செந்தூரமும் கலந்திருக்கலாம். நோய் நீங்கிய பின்னும் ஓயாமல் உண்டால் காக்க வந்ததே கெடுக்கவும் கூடும். சேர்ந்த பொருள் இன்னதென்று தெரியாமையால் எது கேடு செய்கிறதென்று உறுதி கூற இயலவில்லை. எனினும், இன்றே நிறுத்தினால் ஈரல் தேற இடமுண்டு. தொடர்ந்தால் மன்னரின் உயிருக்குத் தம்மால் பொறுப்பேற்க முடியாது.

மன்னர் இசையவில்லை. இளமையிலேயே தந்தையை இழந்த தமக்கு மாமனாரே தந்தை என்றும், அவர் கை கலந்தது தமக்குத் தீங்கு செய்யாது என்றும், அவராகப் போதுமென்னும் வரை நிறுத்துவது நன்றி மறத்தலாகும் என்றும் மொழிந்தார். தேவியார் சாடியை நெற்குதிருக்குள் ஒளித்து வைத்தார். மன்னர் தேடி எடுத்து, தவறிய வேளைக்கும் சேர்த்து உண்டார். அன்று தேவியார் வாய்விட்டு அழுதார். இதை எழுதலாமா எனத் தாமன் தயங்க, எழுது என்றே கட்டளை பிறந்தது.

பழைய சாடியில் அடி தெரியத் தொடங்கிவிட்டது. அது தீருமுன்பே தாங்களாக விடுத்த இப்புதிய சாடியைத் தேவியார் எல்லைக் காவலிலேயே மறித்து, மன்னர் அறியாமல் திருப்பி விடுக்கிறார். தந்தையாரின் அன்பில் அவருக்கு ஐயம் சிறிதுமில்லை. சிறுவயதில் தும்மினாலும் கசாயம், இருமினாலும் கசாயம் என்று மூக்கைப் பிடித்து ஊற்றியவர் தாங்களே என்பதை அவர் நாக்கு இன்னும் மறக்கவில்லை. ஆனால் அன்று அளவு பார்த்து ஊற்றியவர் அருகிலேயே இருந்தார். இன்று ஊற்றுபவர் ஓரிடத்திலும் உண்பவர் வேறிடத்திலும் இருக்கிறார்கள். அதை நினைத்தால் தேவியாருக்கு அச்சமாக இருக்கிறது.

ஆகவே, இலேகியத்தில் சேர்த்த பொருள் அனைத்தையும், நஞ்சுள்ள சரக்கே ஆயினும் மறைக்காமல், எழுதித் தூதன் கையில் தருக. இச்சாடியைக் கவிழ்த்துக் கழுவி, வாய் கட்டி, தங்கள் முத்திரையிட்டு, தாங்களே போதுமென்றதன் அடையாளமாக வெறுமையாகவே அனுப்புக. எம் மன்னர் அதனை முரசு முழங்க இரு கையாலும் ஏந்துவார். அவையின் முன் திறப்பார். மாமனார் அளித்ததில் ஒரு துளியும் மிச்சம் வைக்கமாட்டார்.

இதில் பட்டத்தரசியாரின் முத்திரை விழுந்திருப்பதால் இது விண்ணப்பம் அன்று, கட்டளை. பெற்றவருக்குக் கட்டளையிடுவது பிழையாயின், மருமகனார் பிழைத்தெழுந்த பின் இருவருமாக வந்து தங்கள் அடி பணிந்து அப்பிழையைப் பொறுக்க வேண்டுவார்கள். அவர் எழவில்லையாயின், தேவியார் வரமாட்டார்.