உன் அம்மா தேர்ந்தெடுத்த செம்புக் குண்டு

சோடா ஸ்பிரிங்ஸ், ஐடஹோ
நவம்பர் 9

அன்பு மகள் மரேனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், என் இடது முட்டி மட்டும் பனி விழுவதற்கு முதல் நாளே எனக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளை டோபியாஸும் அங்கே மெய்ன் மாநிலத்தில் நன்றாக இருக்கிறீர்கள், வயிற்றில் இருக்கும் என் பேரப்பிள்ளை நன்றாக உதைக்கிறது என்பதெல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. ஏழு மாதம் முடிந்துவிட்டதாமே. என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறாதே. போனில் பேசினால் நான் எப்படிப் பேசுவேன் என்று ஆகஸ்டில் பார்த்துவிட்டாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஈயக் குண்டால வேட்டையாடின கறி வேண்டாம், ஈயம் வயித்துப் பிள்ளைக்கு விஷம்னு டாக்டரம்மா சொல்றாங்க, இந்த வருஷம் எங்களுக்கு எடுத்து வைக்காதீங்கப்பா என்று நீ எவ்வளவு பதமாகத்தான் சொன்னாய். உன்னை வளத்ததே அந்தக் கறிதான்டி என்று நான்தான் கத்திவிட்டுப் போனை வைத்தேன். அதற்குப் பிறகு மூன்று மாதமாக நீ அழைக்கும்போதெல்லாம் எனக்குக் கொட்டகையில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும். ஒரு வேலையும் இல்லை மரேன், வீம்புதான்.

இப்போது நான் சொல்ல வந்தது உன் அம்மாவைப் பற்றி. ஜூன் மாதக் குலுக்கலில் அவளுக்கு மூஸ் மான் வேட்டைக்கு அனுமதிச் சீட்டு விழுந்தது உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் விண்ணப்பம் போட்டு வந்த சீட்டு, ஆயுளுக்கே ஒரு தடவை, ஒரே ஒரு ஆண் மூஸ், காளை. நீ அந்தப் போன் பண்ணின அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது, அவள் உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே, நான் அடிக்கிற மூஸை மரேன் சாப்பிடணும், ஜனவரில பிரசவத்துக்குப் போகும்போது பெட்டியில உறைய வச்சு நானே எடுத்துட்டுப் போறேன், அதனால ஈயம் கிடையாது, செம்புக் குண்டுதான், என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். நாற்பது வருஷமாக நானே தோட்டா நிரப்புகிறவன், இந்த ஊரில் பாதிப் பேர் என்ன குண்டு போடலாம் என்று என்னைத்தான் வந்து கேட்பார்கள், என் வீட்டிலேயே எனக்குப் பாடமா என்று வயிறு எரிந்தது. ஆனாலும் சீட்டு அவளுடையது. முனகிக்கொண்டே செம்புக் குண்டு வாங்கிவந்தேன்.

அங்கேதான் நான் கோட்டைவிட்டது. மூஸ் என்றால் அரை டன் எலும்பும் சதையும், அதற்குக் கனமான குண்டு வேண்டும், நூற்றெண்பது கிரெய்ன் எடைக்குக் குறைந்து எதையும் ஏற்றக் கூடாது என்பது என் கொள்கை. ஈயத்தில் எந்த எடையோ அதே எடையில் செம்பையும் வாங்கி, அம்மாவின் அப்பா விட்டுப்போன அந்த லீவர் ரைஃபிளுக்கு நிரப்பிக் கொடுத்தேன். சரளைக்குழியில் போய்க் காகிதத்தில் சுட்டுப் பார்த்தால், ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று காகிதத்திலேயே இல்லை. போதாக்குறைக்கு ஓட்டை வட்டமாக இல்லாமல் நீள நீளமாக இருந்தது, குண்டு படுத்துக்கொண்டே போய் விழுந்த மாதிரி. நான் சும்மா இருப்பேனா? நீ விசையைப் பிடுங்கி இழுக்கிற லவோன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். பிறகு தொலைநோக்கி தளர்ந்திருக்கிறது என்று திருகாணிகளை முறுக்கினேன். பிறகு காற்று என்றேன். அன்றைக்குக் காற்றே இல்லை. இப்படி இரண்டு சனிக்கிழமை அவளைச் சுட வைத்துத் தோள்பட்டையெல்லாம் கன்றிப்போய்விட்டது. அப்படியும் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டே இருந்தாள். அந்தப் பொறுமை எங்கே கிடைக்கும், சொல்லு.

மறுநாள் காலையில் நான் காப்பிக்கு வந்து பார்த்தால் சமையலறை மேசையில் ரைஃபிள் கிடக்கிறது, அம்மா துடைக்கிற கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றிக் குழலுக்குள் மெதுவாகத் தள்ளிக்கொண்டிருக்கிறாள். கம்பியின் மேல் ஒரு ஒட்டுத்தாளை அடையாளமாக ஒட்டியிருந்தாள். குழலுக்குள் இருக்கும் முறுக்கு வரியைப் பிடித்துக்கொண்டு கம்பி சுழலும் இல்லையா, அந்த அடையாளம் ஒரு முழுச் சுற்று வர எத்தனை அங்குலம் உள்ளே போகிறது என்று தையல் நாடாவை வைத்து அளந்தாள். பதினான்கு. பத்து இருக்கும் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் அப்பா எப்போதோ குழலை மாற்றியிருக்கிறார், இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவை அளந்து பார்க்கவில்லை. அப்புறம் என் பெட்டியிலிருந்து ஈயக் குண்டு ஒன்று, செம்புக் குண்டு ஒன்று, இரண்டும் நூற்றெண்பது, எடுத்து உப்பு ஜாடி பக்கத்தில் நிற்க வைத்தாள். செம்பு ஒரு தலை உயரம். செம்பு ஈயத்தைவிட லேசு, அதே எடை வரணும்னா நீளமாத்தான் இருக்கணும், நீளமான குண்டு நேராப் போகணும்னா வேகமாச் சுழலணும், எங்க அப்பாவோட குழல் நிதானமாத்தான் சுத்தும், நீங்க எடையைப் பாத்தீங்க, நீளத்தைப் பாக்கல, அவ்வளவுதான் விஷயம், என்றாள். எத்தனை பேருக்கு நான் உபதேசம் பண்ணியிருப்பேன்! காப்பியைக் குடித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் பார்த்தேன், வேறென்ன செய்ய.

அவள் தேர்ந்தெடுத்தது நூற்று முப்பது. மூஸுக்கு நூற்று முப்பது கிரெய்ன்! கொயோட்டி நரிக்குப் போடுகிற எடை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் பண்ணை டெல்வின் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, என்ன லவோன், பட்டாணியால மூஸை அடிக்கப் போறீங்களாமே, என்று சிரித்தான். பட்டாணி மூஸுக்கு இல்ல டெல்வின், உங்க வாயை அடைக்க, என்றாள். அவன் அடுத்த இரண்டு நாள் வேலிப் பக்கமே வரவில்லை. ஆனால் எனக்கு உள்ளூரப் பயம்தான். இருபத்திரண்டு வருஷத்துச் சீட்டு, காளை அடிபட்டு ஓடிப்போய்ப் புதரில் செத்தால் அந்தப் பாவத்தை அவள் சாகும்வரை சுமப்பாள், எனக்கு அவளைத் தெரியும். அதனால் ஒருவாட்டி சோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன். சரளைக்குழியில் பால் ஜாடிகளில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்தோம். என் ரைஃபிளால் என் ஈயக் குண்டு, நூற்றெண்பது. நாலாவது ஜாடியில் நின்றுவிட்டது. அவளுடையது செம்பு, ஆறாவதைத் தாண்டி ஏழாவதில் கிடந்தது, முனை நாலு இதழாக விரிந்து, அடி அப்படியே முழுசாக. வெடிமருந்து நிறுக்கிற தராசில் இரண்டையும் அவளே நிறுத்தாள். செம்பு நூற்று இருபத்தொன்பது. ஈயம் நூற்று இருபத்தொன்று. நூத்தி எண்பது அனுப்பினீங்க, நூத்தி இருபத்தொண்ணு கிடைச்சிருக்கு, மிச்சம் அம்பத்தொம்பது எங்கங்க போச்சு, என்று கேட்டாள். குத்திக்காட்டிக் கேட்கவில்லை மரேன், உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மூன்றாவது ஜாடியின் அடியில் கையை விட்டுப் பார்த்தேன், ஈயத் துகள் மணல் மாதிரி நறநறவென்று விரலில் ஒட்டியது. அன்றிலிருந்து நான் ஒரு எதிர்ப்பேச்சும் பேசவில்லை, இந்த வீட்டில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

நூற்று முப்பதில் அவள் சுட்ட மூன்றும் ஒரு காப்பிக் கோப்பை மூடிக்குள் அடங்கின, ஓட்டை எல்லாம் நல்ல வட்டம். இருநூறு கஜத்துக்கு மேல் சுட மாட்டேன், செம்பு வேகம் கொறைஞ்சா விரியாது, என்று அவளாகவே ஒரு கோடு போட்டுக்கொண்டாள். அக்டோபர் பத்தொன்பது காலையில், ஓடைக்கரை வில்லோ புதரை ஒட்டி அந்தக் காளை வந்தது. என்ன கொம்பு, என்ன நடை! நூற்று நாற்பது கஜம்தான் இருக்கும், ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறது. சுடு சுடு என்று நான் காதில் ஊதினேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். காளை புதருக்குள் போய்விட்டது. போச்சு இருபத்திரண்டு வருஷம் என்று நினைத்தேன். மறுபடி வெளியே வந்தது, அப்போதும் பின்பக்கம்தான், அப்போதும் அவள் சுடவில்லை. வயித்து வழியா குண்டை அனுப்பிக் கறியைப் பாழாக்கவா, மரேனுக்குப் போற கறி, பேசாம இருங்க, என்று கிசுகிசுத்தாள். இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, என் விரல் மரத்துப்போனது. கடைசியில் காளை சரளை மேட்டில் ஏறி, பக்கவாட்டில் திரும்பி, தலையைத் தூக்கி நின்றது. அவள் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது, அப்புறம்தான் வெடி.

காளை அசையவில்லை. தப்பிவிட்டது என்றே நினைத்தேன், மறுபடி சுடு என்றேன். அவள் லீவரை இழுத்து இரண்டாவதை ஏற்றிக்கொண்டு கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். காளை நாலு எட்டு வைத்தது, தண்ணீர்ப் பக்கம் போகாமல் இருக்க வேண்டுமே என்று நான் வேண்டாத தெய்வமில்லை, அதற்குள் முன்னங்கால் மடிந்து கரையிலேயே சாய்ந்தது. ஒரே குண்டு. தோளுக்குப் பின்னால் புகுந்து அந்தப் பக்கம் வெளியேயும் போய்விட்டது. உன் அம்மா பக்கத்தில் போய் அதன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை. முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தும் இந்த மனுஷியை நான் பாதிதான் தெரிந்து வைத்திருந்தேன். என்ன நிதானம், என்ன புத்தி, அதைவிடப் பெரிசு, தனக்குத் தெரிந்ததை வைத்து என்னை ஒரு தடவைகூடச் சிறுமைப்படுத்தவில்லை. டெல்வின் மதியத்துக்கு முன் குதிரைகளைக் கொண்டுவந்தான், காயத்தைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, லவோன் அந்தப் பட்டாணி எந்தக் கடையில கிடைக்கும், என்று மட்டும் கேட்டான்.

வீட்டுக்கு வந்து கறியை வெட்டிக் கட்டி முடித்த மறுநாள், குளிர்ப்பெட்டியில் மிச்சம் இருந்த போன வருஷத்து எல்க் மான் கறி முழுவதையும் நான் வெளியே எடுத்தேன். எல்லாம் நான் சுட்டது, எல்லாம் என் ஈயம். டெல்வின் நாய்க்காவது குடு என்றான், முடியாது என்றேன். கழுகுக்கும் நரிக்கும் எட்டாத ஆழத்தில் குழி வெட்டிப் புதைத்தேன், முட்டி வலிக்க வலிக்க. அப்போது ஒவ்வொரு பொட்டலமும் கையில் வரும்போது உன் குழந்தை நாற்காலி ஞாபகம்தான். உன் முதல் பல் முளைத்தபோது அரைத்த எல்க் கறியை நான்தான் விரலால் எடுத்து உன் வாயில் வைத்தேன், நீ இன்னும் இன்னும் என்று கையை ஆட்டுவாய். நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் கொடுத்தேன் கண்ணு. தெரியாமல் கொடுத்தேன். நீ ஆகஸ்டில் சொன்னபோது நான் கத்தியது உன் மேல் கோபத்தில் இல்லை, நீ சொன்னது நிஜமாக இருந்துவிடுமோ என்ற பயத்தில். என்னை மன்னித்துவிடு.

அம்மா ஜனவரி இரண்டாம் தேதி விமானம் ஏறுகிறாள், உன் குளிர்ப்பெட்டியில் ஒரு தட்டைக் காலி பண்ணி வை. படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு, பனிக்கட்டியில் நீ நடக்கவே நடக்காதே, மாப்பிள்ளையை நடக்கச் சொல். உனக்கும் வரப்போகிற பிள்ளைக்கும் எந்தக் குறையும் இல்லாமல் எல்லாம் சுகமாக நடக்கக் கடவுள் துணை இருப்பார், எங்கள் ஆசீர்வாதம் உங்கள் மூன்று பேருக்கும் எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினால் நான்தான் எடுப்பேன். கறியை உன் டாக்டரம்மாவிடமும் கேட்டுக்கொள், வேண்டாம் என்றால் தயங்காமல் டோபியாஸுக்குப் போட்டுவிடு. சாப்பிடு என்று நான் இனிமேல் சொல்ல மாட்டேன் மரேன். ஈயம் இல்லை, உன் அம்மா பார்த்துக்கொண்டாள், அதை மட்டும்தான் சொல்வேன்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அப்பா,
ஆரின்