இருபது பவுண்டுக்குள் ஒரு மலைச் சைக்கிள்

அன்புள்ள கிளிண்ட் அண்ணாவுக்கு,

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம், சைக்கிள் எங்களைவிட நலம். அலாஸ்காவில் நீயும் உன் படகும் சுகமா என்று கேட்கச் சொன்னார் அப்பா, மீன்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இந்த வாரக் கடிதம் அவர் எழுத வேண்டியது. ‘கை வேலையா இருக்கு, நான் எழுதற மாதிரியே நீ எழுதிடு, எல்லாம் நல்லபடியாப் போகுதுன்னு போடு’ என்றார். அப்படியே எழுதி மேசைமேல் வைத்துவிட்டேன். இது வேறு கடிதம். போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் யாருக்கும் தெரியாமல் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் குளிரால் அல்ல, பயத்தால்.

நீ கிளம்பும்போது கராஜ் சுவரில் தொங்கிய வெறும் டைட்டானியம் ஃபிரேம் இப்போது முழுச் சைக்கிளாகிவிட்டது. முன்னால் மட்டும்தான் ஸ்பிரிங், பின்னால் வைத்தால் எடை கூடும். இருபது பவுண்டு எடைக்குள், அதாவது ஒன்பது கிலோவுக்குள், மலைச் சைக்கிள் கட்டி இந்த வருடப் பந்தயத்தில் நானே ஓட்டிக் காட்டுகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார் அல்லவா, அதனால் போல்ட்டெல்லாம் டைட்டானியமாக மாறிவிட்டன, பெடலில் ஓட்டை போட்டாயிற்று, டயர் வால்வின் மூடியைக்கூடக் கழற்றி எறிந்துவிட்டார். ஒவ்வொரு சாமானையும் அம்மா வேலை பார்க்கும் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பார்சல் தராசில் வைக்கிறார், பின்னால் வரிசை நிற்கிறது. ‘ஏங்க, இதை எங்கேயாவது அனுப்பப் போறீங்களா இல்லையா?’ என்று அம்மா கேட்டால், ‘அனுப்ப இல்ல பெர்னிஸ், தெரிஞ்சுக்கத்தான்’ என்கிறார். வரிசையில் நின்ற பக்கத்து வீட்டு ஓர்வில், ‘அவரையும் தூக்கித் தராசுல வையும்மா, அலாஸ்காவுக்கு ஸ்டாம்ப் நான் வாங்கித் தரேன்’ என்றாராம்.

இப்போது நடந்ததைக் கேள். சீட் குழாயும் டைட்டானியம், அது நுழையும் ஃபிரேமும் டைட்டானியம், நடுவில் கிரீஸ் தடவாமல் விட்டால் இரண்டும் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் என்று எனக்கே தெரியும். அப்பா தடவவில்லை. கிரீஸுக்கும் எடை உண்டாம். பின்சக்கரம் நேராக ஓடுகிறதா என்று பின்னாலிருந்து பார்க்க வேண்டும், கொஞ்சம் உட்காரு கண்ணு என்று சீட்டை என் உயரத்துக்கு இறக்கி என்னை உட்கார வைத்தார். அதோடு சரி, சீட் மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. ஐஸ் வைத்தார், சுடுதண்ணீர் ஊற்றினார். ஓர்வில் சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள அப்பா சீட்டைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பேரும் விறகுக் குவியலில் போய் விழுந்தார்கள். அப்பா ஏறி உட்கார்ந்தால் முழங்கால் தாடியில் இடிக்கிறது. அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தார். திடீரென்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். ‘பெர்னிஸ், இவ என்னில பாதி எடை! இத்தனை மாசமா நான் தப்பான பாகத்தைக் கழட்டிக்கிட்டு இருந்திருக்கேன்!’ என்றார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் கழுதைக்காது என்கிற மலை இறக்கத்தில் இறங்கப்போவது நான். போன வருடம் அங்கே தோளில் காரை எலும்பு முறிந்தவரை நீயும்தானே தூக்கி வந்தாய். அதுகூடப் பரவாயில்லை அண்ணா, ஆள் இலேசாகிவிட்டதால் ஒரு பிரேக் போதும் என்று பின் பிரேக்கைக் கழற்றிவிட்டார். விதிப் புத்தகத்தில் ‘வேலை செய்யும் பிரேக்’ என்று ஒருமையில்தான் போட்டிருக்கிறதாம். ‘அந்தச் சரிவுல முன் பிரேக்கை மட்டும் பிடிச்சா தலைகுப்புற விழுவேன்ப்பா’ என்றேன். ‘அப்போ பிடிக்காதே’ என்றார். அம்மாவிடம் சொன்னால், ‘உங்கப்பாகிட்ட நீதான் வாயத் திறந்து சொல்லணும், நான் சொன்னா அவருக்குக் காதுல விழறதே இல்ல’ என்கிறாள். எப்படிச் சொல்வது? இவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. என் பள்ளியில் எல்லோரிடமும் என்னைப் பற்றிப் பெருமை பேசிவிட்டு வந்திருக்கிறார்.

இதுவரை எழுதியபோது கராஜில் விளக்கு எரிவதைப் பார்த்தேன், பேனாவை வைத்துவிட்டுப் போய்வந்தேன். அப்பா பிரேக் பிடியை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே, ‘ஞாயித்துக்கிழமை நான் வரலப்பா’ என்றேன். ‘ஏன், ஹேண்டில் தூரமா இருக்கா?’ என்றார். ‘பயமா இருக்கு’ என்றேன். உடனே எழுந்து, டார்ச்சை எடுத்துச் சைக்கிளை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, ‘எந்தப் பாகம்?’ என்றார். ‘சைக்கிள் இல்லப்பா. நான்’ என்றேன். கொஞ்ச நேரம் டார்ச் என் காலடியிலேயே நின்றது. பிறகு டிராயரைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த பின் பிரேக்கை எடுத்து மாட்டினார். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ‘பிடி’ என்றார். பிடித்தேன், நின்றது. ‘இன்னொரு தடவ’ என்றார். நின்றது. ‘வரதுன்னா வா, வரலேன்னா ஓர்விலோட நின்னு வேடிக்கை பாப்போம்’ என்றார். வருகிறேன் என்றேன். உடனே முகம் மலர்ந்துவிட்டது. ‘அப்போ ஞாயித்துக்கிழமை காலையில உனக்கு ஓட்மீல் கஞ்சி கிடையாது கண்ணு, அதுவும் பிரேக்கும் கிட்டத்தட்ட ஒரே எடை’ என்றார்.

அப்பாவும் அம்மாவும் உனக்கு ஆசி சொல்கிறார்கள், கடவுள் உன்னை வெயிலில் காயாமல் மழையில் நனையாமல் வைத்திருக்கட்டும். ஈரக் காலுறையோடு தூங்காதே. அம்மாவுக்கு மறக்காமல் போன் செய். படகுக்குப் பிரேக்கே கிடையாதாமே, நிஜமா? பார்த்து நடந்துகொள்.

இந்த முறை அப்பா ஹோவர்டுக்காக அல்ல, எனக்காக,
உன் தங்கை மார்னி