இறங்க மாட்டேன் என்று எழுதியவளுக்கு

இன்று காலை கழிவுநீருக்குக் காற்று ஊதும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் மொண்டு கண்ணாடி ஜாடியில் ஊற்றி வைத்தேன். பயிற்சிக்கு வந்த புது ஆட்களுக்குக் காட்டுவதற்காக. அரை மணி நேரத்தில் கசடு அடியில் உட்கார்ந்து மேலே தண்ணீர் தெளிந்தது. மூக்கருகே கொண்டுபோனால் உழுது தண்ணீர் கட்டிய வயலின் மண்வாசனை. தொட்டி நன்றாக இருக்கிறது என்று பதிவேட்டில் எழுத வேண்டியதுதான் பாக்கி. அவர்கள் எல்லோரும் கிளம்பிப் போய் ஒரு மணி நேரம் ஆகிறது, இன்னும் எழுதவில்லை. இந்த வாசனை வந்தால் கூடவே நீயும் வந்துவிடுகிறாய். இன்றைக்கு உன்னிடம் சேர்க்கச் சொல்லி ஒரு சேதி வேறு வந்திருக்கிறது. அதை நேராகச் சொல்லிவிடலாம், ஆனால் நான் எதை நேராகச் சொல்லியிருக்கிறேன்?

தஞ்சாவூரில் அந்தப் பதினைந்து நாளும் நாம் ஒரே அறையில் இருந்தோம். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியே தீர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கும்பகோணத்துக் கல்லூரி விடுதியிலிருந்து நான், திருக்கடையூர் லாட்ஜிலிருந்து நீ. வகுப்பு நிறைய ஆண்கள், நாம் இரண்டே பெண்கள். முதல் நாளே பையைக் கட்டிலில் போட்டுவிட்டு, "மீன் வித்தவ கக்கூஸ் தண்ணிக்கு வந்துட்டாளேன்னு பாக்குறியா? நாத்தம் எனக்குப் புதுசு இல்ல, மீன்காரின்னே கூப்பிடு" என்றாய். நான் அப்படி ஒன்றும் பார்க்கவில்லை. கொஞ்சம் பார்த்தேன்.

இதே மாதிரி ஒரு ஜாடியைத்தான் வாத்தியார் வகுப்பில் சுற்றுக்கு விட்டார். ஆண்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கை மாற்றினார்கள். நீ மட்டும் மூக்கையே உள்ளே விட்டாய். "ஏ, இது உங்க ஊரு வாசனைடி! எங்க மண்ணு உப்பு, எம்புட்டு மழை பேஞ்சாலும் இப்படி மணக்காது" என்று வகுப்பே கேட்கச் சொன்னாய். அன்றிலிருந்து நான் உனக்கு வயக்காரி ஆனேன்.

உன் லாட்ஜ் கதைகளைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அறுபதாம் கல்யாணத்துக்கு ஊர் ஊராக வந்து இறங்குவார்கள். மிஞ்சின பாயசத்தைச் சமையல்காரர்கள் அண்டாவோடு சாக்கடையில் கவிழ்க்க, மறுநாள் உன் தொட்டி நுரைத்துக்கொண்டு நிற்கும். "இதுவும் ஒரு வயிறுதான்யா, பாயசத்த ஊத்திக் கொல்லாதீங்க!" என்று சமையற்கட்டு வாசலில் போய்ச் சண்டை பிடிப்பாய். நுரையைப் பார்த்தே எத்தனை ஜோடி வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன் என்பாய். அதை மட்டும் நான் நம்பவில்லை.

பரீட்சையில் நான் தேறினேன், நீ தேறவில்லை. ஒரே ஒரு கேள்விதான். தொட்டிக்குள் ஒருவர் மயங்கிக் கிடக்கிறார், நீங்கள் என்ன செய்வீர்கள்? மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் இது தப்பானால் தேறாது. உள்ளே இருக்கிற விஷக்காற்று முதலில் மூக்கை மரத்துப்போகச் செய்யும், பிறகு ஆளைச் சாய்க்கும், காப்பாற்றப் போகிறவரும் பக்கத்திலேயே விழுவார் என்று வாத்தியார் தினமும் சொன்னார். நீயும் நோட்டில் எழுதிக்கொண்டாய். விடைத்தாளில் மட்டும், "உடனே இறங்கித் தூக்குவேன்" என்று எழுதிவைத்தாய்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "காதுல பஞ்சா வச்சிருந்த?" என்று கத்தினேன். நீ திருப்பிக் கத்தவில்லை. "எங்கப்பா போட்லேர்ந்து தவறி விழுந்தப்ப நாலு பேரு குதிச்சாங்க. அவங்க குதிக்கலன்னா நான் ஏது? விழுந்தவனப் பாத்துக்கிட்டு நிக்கிறவ என்ன மனுசி?" என்றாய்.

மறுபரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. அதிலும் போனால் வேலை போய்விடும். மகளைப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொண்டு மறுபடி கூடை தூக்க உன்னால் முடியாது. தினமும் போன் போட்டு உன் உயிரை எடுத்தேன். ஒரு நாள் மனதில் பட்டதைச் சொன்னேன்: "கடல்ல குதிச்சா நீந்தலாம். இதுல எதப் புடிச்சு நீந்துவ?" அன்று ராத்திரி நீயே திரும்பக் கூப்பிட்டாய். "சரி, இறங்க மாட்டேன்னே எழுதுறேன்" என்றாய். எழுதினாய், தேறினாய். சான்றிதழைக் கண்ணாடி போட்டு உன் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, போட்டோ பிடித்து எனக்கு அனுப்பினாய்.

பிறகு அந்த முகூர்த்த நாள் வந்தது. லாட்ஜின் சேகரிப்புத் தொட்டியில் மோட்டார் அடைத்துக்கொண்டது. பழுது பார்க்க அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். உள்ளே இறங்காதீர்கள், சங்கிலி போட்டு மேலே தூக்கிவிடலாம் என்று சொல்லிவிட்டுச் சங்கிலி எடுக்கப் போனாய். நீ திரும்பி வருவதற்குள் அண்ணன் இறங்கி, அடியில் கிடந்தார். தம்பி ஏணியில் காலை வைத்துவிட்டார். நீ பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப் பிடித்து இழுத்து, தரையில் விழுந்தும் பிடியை விடவில்லை. காற்று ஊதும் இயந்திரத்தைத் தொட்டிக்குள் திருப்பச் சொல்லிக் கத்தினாய், தீயணைப்புக்குப் போன் போடச் சொன்னாய். அவர்கள் முகமூடி போட்டு இறங்கித் தூக்கினார்கள். அண்ணன் பிழைக்கவில்லை.

"எங்கண்ணனச் சாவ விட்டுட்டா பாவி" என்று அந்தத் தம்பி கல்யாணக் கூட்டத்தின் நடுவே உன்மேல் மண்ணை வாரி இறைத்தாராம். உன் குப்பத்திலும் நாலு விதமாகப் பேசினார்களாம். நீ என்னிடம் போனில் சொன்னது ஒன்றுதான்: "நீ எழுதச் சொன்னதத்தான் செஞ்சேன், வயக்காரி." நான், "நீ செஞ்சதுதான் சரி" என்றேன், விடைத்தாள் திருத்துகிறவள் மாதிரி. கும்பகோணத்தில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் உன் வீட்டு வாசலில் இறங்கியிருக்கலாம். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். அடுத்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று இருந்துவிட்டேன். நீ அப்புறம் வேலைக்கே போகவில்லை. மறு வருஷம் நெஞ்சுவலியில் நீ போன பிறகுதான் வந்தேன். உன் அப்பா படத்துக்குப் பக்கத்தில் ஆணி மட்டும் இருந்தது. "அம்மாதான் கழட்டிப் பொட்டியில வச்சுது" என்றாள் உன் மகள்.

இன்றைக்கு வந்த குழுவிலும் ஜாடியைச் சுற்றுக்கு விட்டேன், வழக்கம்போல அந்தக் கேள்வியையும் கேட்டேன். எல்லோரும் மனப்பாடமாகச் சொன்னார்கள். பின்வரிசையில் ஒருவர் மட்டும், "இறங்க மாட்டேன். யாரையும் இறங்க விடவும் மாட்டேன்" என்றார். மற்றவர்கள் டீ குடிக்கப் போனதும் என்னிடம் வந்தார்.

"திருக்கடையூர் லாட்ஜ்ல ஒரு அக்கா இருந்தாங்க. நீங்களும் அவங்களும் ஒண்ணாப் படிச்சீங்கன்னு இங்க ஆபீசுல சொன்னாங்க. நல்லா இருக்காங்களா?"

அன்றைக்கு ஏணியில் காலை வைத்த அந்தத் தம்பிதான். நான் பதில் சொல்லுமுன் அவரே பேசினார். "அன்னிக்கு வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேங்க. அவங்க மூஞ்சியில முழிக்க வெக்கப்பட்டுக்கிட்டே நாளு ஓடிப்போச்சு. எனக்கு இப்ப ரெண்டு வயசுல பொண்ணு இருக்கு. அவங்க புடிக்கலன்னா எம்மவ ஏது? பாத்தா சொல்லிடுங்க."

மீன்காரி, நீ கேட்ட அதே கேள்வி! நீ இல்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. "சொல்றேன்" என்றேன். சொல்லிவிட்டேன்.

அவருக்குப் பரீட்சை இந்த வெள்ளிக்கிழமை. அது முடிந்ததும் உள்ளதைச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை அவரையும் அந்தக் குழந்தையையும் உன் மகளிடம் அழைத்து வருகிறேன். அந்த ஆணியில் சான்றிதழைத் திரும்ப மாட்டச் சொல்வேன். அன்றைக்கே ஏறியிருக்க வேண்டிய பஸ்ஸில்தான் வருவேன்.