கதவோரத்து மூன்றாவது இலை

பாசத்துக்குரிய அண்ணே,

நீ இருக்கிற இடத்துக்குத் தபால் வருமா, போன் போட்டால் எடுப்பாயா என்று யோசித்துக்கொண்டிருந்தால் இதை எழுதவே முடியாது. அதனால் எழுதிவிடுகிறேன். நாலு பேர் படித்துவிட்டுச் செல்விக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மதினியைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸ் போய்வந்தேன். நீ வருஷா வருஷம் எங்களைக் கூட்டிப்போவாயே, அதே மெஸ்ஸுக்கு. தீபாவளி சீசன் முடிந்து பட்டாசுக் கம்பெனியில் லீவு விட்டால் உனக்குக் கால் தரையில் நிற்காது. எண்ணெய்ப் பரோட்டாவுக்கு ஊர் ஊராக ஆள் வருகிற மண்ணில் பிறந்துவிட்டு, சாம்பார் சாப்பிட ரயிலேறுகிற ஒரே ஆள் நீதான் என்று கேலி செய்வேன். காலையில் மயிலாப்பூர்ச் சந்துக்குள் பொங்கல், மத்தியானம் திருவல்லிக்கேணியில் அந்த மெஸ்ஸின் இலைச் சாப்பாடு. வத்தக்குழம்புக்கு மறுபடியும் சோறு கேட்கும்போது உன் முகத்தில் ஒரு வெட்கம் வரும் பார், உன் கல்யாணத்தில்கூட நீ அப்படி வெட்கப்படவில்லை.

இந்தத் தடவை சாப்பிடுவதற்காகப் போகவில்லை. மதினி உன்னைத் தேடிப் போனாள்.

விஸ்வநத்தம் பக்கம் நீ வேலை பார்த்த ரூம் வெடித்த அன்று, ஆஸ்பத்திரியில் எங்களிடம் கொடுத்தது இறுக்கிக் கட்டிய ஒரு துணிப் பொதி. திறக்க வேண்டாம் என்றார்கள். வெள்ளி அரைஞாண் ஒன்றைக் காட்டி உன்னுடையதா என்று கேட்டார்கள். நான்தான் ஆமாம் என்றேன். மதினி ஒத்துக்கொள்ளவில்லை. நம் தெருவில் எத்தனையோ பேர் அந்த மாதிரி அரைஞாண்தானே கட்டியிருக்கிறார்கள் என்று அன்றைக்குக் கேட்டவள், மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். தினமும் உனக்குச் சோறு எடுத்து மூடி வைத்தாள். நீ பயந்து ஓடியிருப்பாய், மெட்ராசில்தான் இருப்பாய், பசித்தால் அந்த மெஸ்ஸுக்குத்தான் வருவாய் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

டிக்கெட் எடுக்கும்போது, திரும்பி வர எனக்கு மட்டும் எடுத்தால் போதும் என்றாள். உன்னைக் காணும்வரை அங்கேயே இருக்கப்போகிறாளாம். ஒன்பதாவது படிக்கிற உன் மகளை யாரிடம் விட்டுவிட்டு? நான் இரண்டு பேருக்கும்தான் எடுத்தேன். ஆனால் அவள் துணிப்பை ஒரு மாதத்துக்கு எடுத்து வைத்த மாதிரி கனத்தது.

மெஸ்ஸில் வழக்கம்போல் கூட்டம். உட்கார்ந்திருப்பவர்கள் முதுகுக்குப் பின்னால் காத்து நின்றோம். நெற்றி நிறையத் திருநீறு பூசிய பரிமாறுகிறவர் எங்களைக் கைகாட்டிக் கூப்பிட்டு, கதவோரத்து மேஜையில் மூன்று இலை போட்டார். நாங்கள் இரண்டு பேர்தான் என்றேன்.

"சார் கை கழுவப் போயிருக்காரும்மா. கதவுகிட்ட இடம் வேணும்னு அவர்தானே கேட்டாரு?"

அண்ணே, நான் கை கழுவுகிற பக்கம் திரும்பிப் பார்த்தேன். வெடிமருந்து கலக்குகிற ரூமுக்கு, தீப்பிடித்தால் ஓடுவதற்கென்று நாலு பக்கமும் வாசல் வைக்கிற தொழில் உன்னுடையது. வாசல் பக்கத்தில் இல்லாவிட்டால் உனக்குச் சோறு இறங்காது. கல்யாண மண்டபத்தில்கூடக் கதவோரத்து இடத்துக்குத்தான் சண்டை பிடிப்பாய். அது அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

மதினி ஆச்சரியப்படவே இல்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு, கதவோரத்து நாற்காலியை விட்டுவிட்டு அடுத்ததில் உட்கார்ந்தாள். நான் எழுந்து கை கழுவுகிற இடத்துக்குப் போனேன். அங்கே யாருமில்லை, ஒரு குழாய் மட்டும் திறந்திருந்தது. வெள்ளைத் தொட்டியில் வெள்ளி நிறத்தில் ஒரு கோடு. எத்தனை சோப்புப் போட்டாலும் உன் கையை விட்டுப் போகாதே, பட்டாசு மருந்தில் கலக்கிற அந்த அலுமினியப் பொடியின் நிறம். எவனாவது பெயிண்டர் கை கழுவியிருப்பான் என்று சொல்லிக்கொண்டு குழாயை மூடினேன்.

திரும்பி வந்தால் மூன்று இலையிலும் பரிமாறியாகிவிட்டது. மதினி காலி நாற்காலியைப் பார்த்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். மகளின் மார்க், ஒழுகுகிற தண்ணீர்த் தொட்டி, வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று ஒரே கெஞ்சல். யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன். அந்தப் பயத்திலும் ரசம் நன்றாகத்தான் இருந்தது, உன்னிடம் பொய் சொல்வானேன்.

சாப்பிட்டதும் இலையை எங்கள் பக்கமாக மடித்துவிட்டுக் கை கழுவப் போனோம். உன் பதினாறாம் நாள் சாப்பாட்டில் எல்லோரும் துக்க வீட்டு வழக்கப்படி இலையை எதிர்ப்பக்கமாக மடித்தபோது, மதினி மட்டும் கல்யாண வீட்டில் மடிக்கிற மாதிரி தன் பக்கமாக மடித்தாள். பெரியவர்கள் சத்தம் போட்டும் அவள் மாற்றி மடிக்கவில்லை.

கை கழுவி வந்தோம். மூன்றாவது இலை மடித்திருந்தது. எதிர்ப்பக்கமாக.

பரிமாறுகிறவரைப் பிடித்து, இதை மடித்தது நீங்களா என்று கேட்டேன். சாப்பிட்டவர்கள் மடிப்பதுதான், நாங்கள் அப்படியே வாரி எடுத்துவிடுவோம் என்றார். உள்ளே சோறு இருந்ததா, இல்லையா? எனக்கு விரித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பார்த்திருக்க வேண்டுமோ?

அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மதினி நகரவில்லை. அந்த இலையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அவுக வரமாட்டாகளாம் செல்வி. இலைய மடிச்சுச் சொல்லிட்டாக."

ஈரக் கையோடு தன் இலையை விரித்தாள். எதிர்ப்பக்கமாக மாற்றி மடித்தாள். மடித்த பிறகுதான் அழுதாள் அண்ணே. நீ போன நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்புறம் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு, பிள்ளை தனியாக இருக்கும், வா என்றாள்.

ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள். இப்போது உனக்குச் சோறு எடுத்து வைப்பதில்லை. உன் படத்துக்கு மாலை போட்டாகிவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறாள். உன் மகள் சிரிக்கிற சத்தம் தெரு வரைக்கும் கேட்கிறது.

ஆனால் நான் என் இலையை மாற்றி மடிக்கவில்லை. அரைஞாணைப் பார்த்து ஆமாம் சொன்னவள், மதினிக்கு வாய் ஓயாமல் புத்தி சொன்னவள், என்னால் அந்த இலையைத் தொட முடியவில்லை. மதினி பார்த்தாள். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

நேற்று நான் வேலை பார்க்கிற அச்சுப் பிரஸ்ஸில் வேலை முடிந்து, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பரோட்டாக் கடைக்குத் தனியாகப் போனேன். கடைக்காரர் இரண்டு இலை போட்டார். நான் ஒரு ஆள்தான் என்றேன்.

"அண்ணாச்சி கை கழுவிக்கிட்டு இருக்காகல்ல?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் பரோட்டாவில் பாதியை அந்த இலையில் வைத்தேன். எந்த இலையையும் மடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். உன்னை நான்தான் பிடித்து வைத்திருக்கிறேனா அண்ணே?

இன்றைக்கும் அந்தக் கடைக்குப் போவேன். அவர் இரண்டு இலை போடுவார். நான் சாப்பிட்டு முடித்து என் இலையை எதிர்ப்பக்கமாக மடிப்பேன். இது சத்தியம். நீ மட்டும் அவசரப்பட்டு எழுந்துவிடாதே. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் இரு.

உன் கூடப் பிறந்தவள்,
செல்வி