அடிக்கடலில் யாரும் இல்லையாம்

அன்பு மகள் ராதிகாவுக்கு, மாரிகுப்பத்திலிருந்து அம்மா எழுதுறேன். இங்க நாளு ஓடுது, குறைன்னு புதுசா எதுவும் இல்லை. அந்தக் குளிர் ஊர்ல நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தெம்பா இருக்கணும்.

போன ஞாயித்துக்கிழமை ஆண்டர்சன்பேட்டை மண்டபத்துல ஒரு கூத்து. கடலுக்கு அடியில சுரங்கம் தோண்டப் போற ஏதோ கம்பெனியாம், சௌந்தரராஜன்னு ஒருத்தன் கேமராவோட வந்திருந்தான். நம்ம ஊர் தங்கச் சுரங்கத்தால நல்லா வாழ்ந்தோம்னு நம்ம ஜனங்களைச் சொல்லவெச்சு, அடுத்த மாசம் நீ போற கடல் சட்டக் கூட்டத்துல காட்டப் போறானாம். உங்க சித்தப்பா மனோகர் சலவைச் சட்டை போட்டுக்கிட்டு, மீனுக்கு வக்காலத்து வாங்குறவ எங்க அண்ணன் பொண்ணு தான்னு அவன்கிட்ட சொல்லிச் சிரிச்சாரு. என்கிட்டயும் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாங்க. அடிக்கடல்ல யாரும் இல்லை, அதனால யாருக்கும் நஷ்டம் இல்லைன்னு எழுதியிருந்துச்சு. இன்னா துணிச்சல் பாரு. அங்க தோண்டினா கிளம்புற சேறு எது மேல போய்ப் படியும்னு கேட்டேன். ஏதோ சின்னப் பிராணிங்க, பாதிக்குப் பேரே வெக்கலைன்னான். உங்கப்பா சுரங்கத்துல ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா தூசி படிஞ்ச துணியை உதறித் துவைச்சவ நான், அவரு நெஞ்சுல ஏறின தூசி என் நெஞ்சுலயும் ஏறுச்சு. சுரங்க ஷாஃப்ட்ல இறங்காத பொம்பளைக்கு இன்னா நோவுன்னு அப்போ ஆஸ்பத்திரியில திருப்பி அனுப்பினாங்க. அதை நெனச்சு மண்டபத்துல எழுந்து நின்னு, "எங்க பேரும் எந்த ரிஜிஸ்டர்லயும் இல்லை, அதுக்காக நாங்க இல்லாம போயிட்டோமா?"ன்னு கேட்டேன். கேமராவை நிறுத்திட்டான். திரும்ப அதை ஓட விட்டதும் சித்தப்பா அந்தத் தாளை வாங்கி ஒரு எழுத்து விடாம படிச்சாரு, எல்லாரும் கை தட்டினாங்க. அண்ணன் மூச்சுக்குத் தவிச்சு செத்ததைப் பக்கத்துல இருந்து பார்த்த மனுஷன். இனி என் வாசப்படி ஏற வேணாம்னு சொல்லிட்டேன்.

நீ எழுதி அனுப்பின கட்டுரையும் படிச்சேன். பெண்ணியமாம், மனிதரைத் தாண்டிய பார்வையாம், நாப்பது பக்கத்துல ஒருத்தர்கூட இருமலையே. துணி துவைச்சவளையும் கடல் பிராணியையும் சட்டம் ஒரே மாதிரி விட்டுடுதுன்னு நீ சொல்றது சரி தான், அதுக்கு இத்தனை பெரிய வார்த்தை எதுக்கு? கூட்டத்துல சித்தப்பா படம் முடிஞ்சதும் உன் கட்டுரையை மூடி வெச்சுட்டு எல்லார் முன்னாடியும் இந்தக் கடிதத்தைப் படி. அழாம படி, அழுதா பொம்பளைன்னு தள்ளிடுவானுங்க.

நேத்து பங்காருப்பேட்டை போய் எக்ஸ்ரே எடுத்தேன். அப்பாவுக்கு இருந்த அதே நோவு தான்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. அந்த ரிப்போர்ட்டை இதோட வெச்சிருக்கேன், அதையும் மேசை மேல போடு, பத்திரம். உனக்கு எல்லாம் நல்லபடியா நடக்கணும், குரல் நடுங்காம இருக்கணும்.

ஆசீர்வாதத்துடன்,
அம்மா சரோஜம்மா